தேவையில் பிறந்த மன்னிப்பு

மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் சிகரத்தைப் பற்றியே பேசுகிறோம். தம்மை அடித்தவனை அணைத்துக்கொண்ட மகான்கள், தமக்குத் தீங்கு நினைத்தவனின் நலனுக்காகப் பிரார்த்தித்த பெரியோர்கள் ஆகியோரின் வரலாறுகள் கேட்க இனியவை, உள்ளத்தை உயர்த்துபவை. ஆனால் சிகரத்தைக் காட்டிவிட்டு அதற்கு ஏறும் படிகளைக் காட்டாமல் விட்டால் கேட்பவர் என்ன செய்வார்? வணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் பத்து ஆண்டுகளாகப் பேசாத தம்பி அடுத்த தெருவில் இருப்பார்.

சாதாரண மனிதர்களின் பகை முடிவதைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பகை பெரும்பாலும் ஞானத்தால் முடிவதில்லை, தேவையால் முடிகிறது. மகளின் திருமணத்துக்குத் தாய்மாமன் வேண்டியிருக்கிறது. நிலப்பத்திரத்தில் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் அந்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த வேலை தெரிவதில்லை. அப்போது பேச்சு தொடங்குகிறது. பார்ப்பவர்கள், "காரியம் ஆக வேண்டும் என்றதும் வந்துவிட்டான்" என்று ஏளனமாகச் சொல்கிறார்கள். சமாதானம் செய்துகொண்டவருக்கே உள்ளூர ஒரு கூச்சம் இருக்கிறது. தாம் உண்மையில் மன்னித்தோமா, அல்லது வசதிக்காக மறந்ததுபோல் நடித்தோமா என்று அவருக்கே தெரிவதில்லை.

தேவையில் பிறந்த மன்னிப்பு உண்மையான மன்னிப்பாகுமா? இந்தக் கேள்வியை நூல்களை வைத்து ஆராய்வது ஒரு வழி. ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து ஆராய்வது மற்றொரு வழி. இங்கே இரண்டாவது வழியை எடுத்துக்கொள்வோம். நாம் எடுத்துக்கொள்ளும் மனிதர் துறவியோ தத்துவஞானியோ அல்லர். பிலிப்பைன்ஸ் நாட்டின் கூடைப்பந்து ஆட்டக்காரரான ராபர்ட் ஜாவோர்ஸ்கி. அவருடைய விளையாட்டு வாழ்வில் இந்தக் கேள்வி இரண்டு முறை, இரண்டு வேறு வடிவங்களில் எழுந்தது.

நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு என்ன இடமோ, பிலிப்பைன்ஸில் கூடைப்பந்துக்கு அந்த இடம். அமெரிக்க ஆட்சிக் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமும் பள்ளிகளும் அந்த ஆட்டத்தை அங்கே கொண்டு சேர்த்தன. 1954ஆம் ஆண்டு உலகப் போட்டியில் பிலிப்பைன்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. ஆசிய நாடு எதுவும் அதைவிட உயர்ந்த இடத்தை அப்போட்டியில் இதுவரை எட்டியதில்லை. உயரம் குறைந்த மக்கள் உயரமானவர்களுக்கே உரியதெனக் கருதப்படும் ஓர் ஆட்டத்தின்மேல் இத்தனை காதல் கொண்டது வியப்புக்குரியது. மீனவர் கிராமத்திலும்கூடத் தென்னை மரத்தில் ஒரு வளையத்தைக் கட்டி வெறுங்காலோடு ஆடுவார்கள்.

ஜாவோர்ஸ்கி 1946ஆம் ஆண்டு மலைநகரான பாகியோவில் பிறந்தவர். தந்தை போலந்து வழிவந்த அமெரிக்கர். தாய் பிலிப்பைன்ஸின் இலோக்கானோ இனத்தவர். மணிலாவில் கிழக்குப் பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழ்பெற்றார். 1967இல் ஆசியப் பட்டம் வென்ற தேசிய அணியிலும், 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் அணியிலும் இடம்பெற்றார். பலமும் வேகமும் அவரிடம் இருந்தன. அவற்றோடு கடுமையான கோபமும் இருந்தது.

இரண்டே ஆண்டு நீடித்த ஆயுள் தடை

1971ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கோபம் வெடித்தது. அப்போது அவர் மெரால்கோ என்ற மின்சார நிறுவனத்தின் அணியில் இருந்தார். எதிரணி கிறிஸ்பா. நடுவர்களின் தீர்ப்புகள் ஒருபக்கமாக இருப்பதாக எண்ணிக் கொதித்த ஜாவோர்ஸ்கியும் அவருடைய அணித்தோழர் ஒருவரும் ஆட்டக்களத்திலேயே இரண்டு நடுவர்களைத் தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டின் கூடைப்பந்துச் சங்கம் இருவருக்கும் ஆயுள் தடை விதித்தது. ஜாவோர்ஸ்கிக்கு அப்போது வயது 25.

ஆயுள் தடை என்றால் ஆயுள் முழுவதும் தடை. ஆனால் அது இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக நீடிக்கவில்லை. 1973இல் ஆசியக் கூடைப்பந்துப் போட்டி மணிலாவிலேயே நடைபெற இருந்தது. சொந்த மண்ணில் தோற்பது என்பதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வலிமையான அணி வேண்டும். தடை நீக்கப்பட்டது. ஜாவோர்ஸ்கி ஆடினார். பிலிப்பைன்ஸ் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது.

வெற்றியின் ஆரவாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆயினும் நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். யார் யாரை மன்னித்தார்கள்? அடிபட்டவர்கள் அந்த இரண்டு நடுவர்கள். தடையை நீக்கியது சங்கம். சங்கத்துக்கு யாரும் காயம் ஏற்படுத்தவில்லை. தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ ஒரு நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உண்டு. ஆனால் தண்டனையை நீக்குவது வேறு, மன்னிப்பது வேறு. மன்னிக்கும் உரிமை காயம்பட்டவருக்கே உரியது. நம் வீட்டில் நடந்த திருட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் மன்னித்துவிட முடியுமா?

ஒரு குடும்பத்திலும் இதுதான் நடக்கிறது. மூத்த மகன் தங்கையை இழிவாகப் பேசிவிடுகிறான். ஒரு வாரம் கழித்து அவன் சம்பளம் தேவைப்படுகிறது. தந்தை, "போகட்டும், விடு" என்று முடித்துவிடுகிறார். எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். தங்கையிடம் யாரும் கேட்கவில்லை. அவள் மனத்தில் அந்தச் சொல் அப்படியே கிடக்கிறது. மகனுக்கும் அதில் நன்மை இல்லை. தன் தவறின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

ஜாவோர்ஸ்கியின் பிற்கால வாழ்வு இதையே காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. 1975இல் பிலிப்பைன்ஸில் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் தொடங்கியது. ஆசியாவில் அத்தகைய முதல் அமைப்பு அதுவே. ஜாவோர்ஸ்கி டொயோட்டா அணியின் தூண்களில் ஒருவரானார். 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் டொயோட்டாவும் கிறிஸ்பாவும் ஆடிய ஓர் ஆட்டத்தை அடுத்து இரு அணியினரும் பெருஞ்சண்டையில் இறங்க, ஆட்டக்காரர்கள் போனிஃபாசியோ கோட்டை ராணுவ முகாமில் ஓர் இரவு காவலில் வைக்கப்பட்டார்கள். 1990இல், ஜாவோர்ஸ்கி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த அணி, இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் நடுவர் தீர்ப்புகளை எதிர்த்துப் பாதியிலேயே களத்தைவிட்டு வெளியேறியது. பட்டம் எதிரணிக்குப் போயிற்று. அணிக்கு 5,50,000 பெசோ அபராதம் விதிக்கப்பட்டது. 1971க்கும் 1990க்கும் இடையே 19 ஆண்டுகள். கை ஓங்குவது நின்றிருந்தது. அதை வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடுவர்களோடு அவருக்கிருந்த கணக்கு தீரவே இல்லை. 1973இல் அந்தக் கணக்கு தீர்க்கப்படவில்லை, மூடிவைக்கப்பட்டது. தேவைக்காக மூடிவைத்தது அடுத்தவர் தலைக்கு மேலே நடந்தது.

பிரிந்த இருவர்

இனி இரண்டாவது நிகழ்ச்சி. இதற்கு ராமோன் ஃபெர்னாண்டெஸ் என்ற மற்றோர் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் 1953ஆம் ஆண்டு தெற்கு லெய்ட்டே மாகாணத்தின் மாசின் ஊரில் பிறந்து, செபு நகரின் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, பின்னர் மணிலாவுக்கு வந்தவர். நெடிய உருவம், நிதானமான ஆட்டம். ஜாவோர்ஸ்கி நெருப்பென்றால் இவர் நீர் என்று சொல்லலாம். டொயோட்டா அணியில் இருவரும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சேர்ந்து ஆடினார்கள். 1975 முதல் அந்த அணி ஒன்பது தொழில்முறைப் பட்டங்களை வென்றது. ஜாவோர்ஸ்கி பந்தைக் கொடுப்பார். ஃபெர்னாண்டெஸ் கூடையில் சேர்ப்பார். 1978ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஜாவோர்ஸ்கி பெற்றார். 1982ஆம் ஆண்டுக்குரியதை ஃபெர்னாண்டெஸ் பெற்றார்.

எப்போது கசப்பு தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அணிக்குள் யார் பெரியவர் என்ற மௌனப் போட்டி ஒரு காரணமாக இருக்கலாம். கூட்டுக் குடும்பங்களை அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வெற்றியும் பணமும் இருக்கும்வரை விரிசல் வெளியே தெரியாது. அந்நாட்டு அணிகள் ஊர்களின் பெயரால் அல்ல, நிறுவனங்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. நிறுவனம் கையை விரித்தால் அணியே இல்லாமல் போகும். 1984இல் அதுவே நடந்தது. டொயோட்டா அணியை நடத்திய நிறுவனம் நெருக்கடியில் விழுந்து அணியை வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. ஆட்டக்காரர்களும் உடைமைபோலக் கைமாற்றப்பட்டார்கள். ஃபெர்னாண்டெஸ் புதிய உரிமையாளரிடம் சேர்ந்தார். ஜாவோர்ஸ்கி மறுத்து, பிற்காலத்தில் ஹினெப்ரா என்று புகழ்பெற்ற அணிக்குச் சென்றார். அது ஒரு மது நிறுவனத்தின் அணி என்பது நம் வாசகர்கள் பலருக்கு உறுத்தலாக இருக்கும், எனக்கும் உறுத்தலே. ஆயினும் அந்நாட்டு ஏழை மக்கள் அந்த அணியில் கண்டது மதுவை அல்ல, ஜாவோர்ஸ்கியை.

ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் ஆட்டத்தின்போது எதிரணி வீரர் ஒருவரின் முழங்கை பட்டு அவருடைய உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது தையல்கள் போடப்பட்டன. அணி பெரிய இடைவெளியில் பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் பகுதியில் கட்டுப்போட்ட வாயோடு அவர் அரங்கத்துக்குத் திரும்பி வந்தபோது மக்கள் எழுப்பிய ஒலியில் எதிரணி நிலைகுலைந்தது என்று சொல்வார்கள். ஹினெப்ரா வென்றது. 'ஒருபோதும் தளராதே' என்ற வாசகம் அந்த அணியோடு நிலைத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 39.

பிரிந்தபின் இருவருக்கும் இடையே பேச்சு நின்றது. ஃபெர்னாண்டெஸ் ஆடிய அணிகளும் ஹினெப்ராவும் மோதும்போதெல்லாம் அரங்கம் இரு கட்சியாகப் பிளந்தது. 1988ஆம் ஆண்டு இறுதிச்சுற்று ஒன்றில் இது உச்சத்தை அடைந்தது. ஹினெப்ராவுக்கு எதிரான அந்தச் சுற்றில், ஃபெர்னாண்டெஸ் முழு மனத்தோடு ஆடவில்லை என்று அவருடைய அணி நிர்வாகமே ஐயுற்று அவரை ஆடவிடாமல் வெளியே அமர்த்தியது. ஐயம் மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஹினெப்ரா பட்டம் வென்றது. ஃபெர்னாண்டெஸ் அவ்வாண்டே சான் மிகுவேல் அணிக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் நான்காம் முறையாகப் பெற்றார். தம் நேர்மை சந்தேகிக்கப்பட்ட அந்த நாட்களில், மறுபக்கத்தில் கோப்பையோடு நின்றவர் தம் பழைய தோழர் என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! பகைக்கு எப்போதும் எதிரியின் குற்றம் தேவைப்படுவதில்லை. நாம் விழுந்த இடத்தில் அவர் நின்றிருந்தால் அதுவே போதும்.

கோட்டுக்கு வெளியே

1989ஆம் ஆண்டு ஜூன் 4. பாசிக் நகரில் நட்சத்திர ஆட்டக்காரர்களின் கண்காட்சிப் போட்டி ஒன்று ஏற்பாடாயிற்று. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அத்தகைய முதல் போட்டி அது. ஒருபக்கம் மூத்தவர்கள், மறுபக்கம் சங்கத்துக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத இளைஞர்கள். மூத்தவர் அணியில் 43 வயது ஜாவோர்ஸ்கியும் 35 வயது ஃபெர்னாண்டெஸும் ஒரே நிற உடை அணிந்து நின்றார்கள். அவர்களின் பயிற்சியாளர் பேபி டலுபான்.

ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது இரு அணிகளும் 130 புள்ளிகளில் சமமாக நின்றன. பந்து மூத்தவர்களிடம். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறியும் பொறுப்பு ஜாவோர்ஸ்கிக்கு வந்தது.

இந்த ஆட்டத்தின் விதியை இங்கே விளக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்பவர் அங்கிருந்து தாமே கூடையில் எறிந்து புள்ளி எடுக்க முடியாது. பந்தோடு உள்ளே நடந்து வரவும் முடியாது. ஐந்து விநாடிகளுக்குள் உள்ளே நிற்கும் யாரேனும் ஒருவரிடம் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும் அந்த ஐந்து விநாடிகள் அவர் பிறரை நம்பியே ஆக வேண்டும்.

ஜாவோர்ஸ்கி பந்தை ஃபெர்னாண்டெஸிடம் கொடுத்தார். ஃபெர்னாண்டெஸ் அவ்வாண்டுதான் தொழில்முறைக்கு வந்திருந்த இளைஞர் பென்ஜி பாரஸை எதிர்கொண்டு, கூடையை நோக்கி நகர்ந்து பந்தைச் சேர்த்தார். 132க்கு 130. ஆட்டம் முடிந்தது. டலுபானின் தூண்டுதலால் இருவரும் களத்தின் நடுவே சென்று கைகுலுக்கினார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுப் பகை அன்றோடு முடிந்ததாகப் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து வரலாறு சொல்கிறது.

ஒரு சிறு தகவல். கூடையில் சேர்வதற்கு ஏதுவாகப் பந்தைக் கொடுத்த கணக்கில் அந்தச் சங்கத்தின் வரலாற்றிலேயே முதலிடத்தில் ஜாவோர்ஸ்கி ஓய்வு பெற்றார். அவருடைய கணக்கு 5,825. புள்ளிகள் எடுத்த கணக்கில் அவ்வாறே முதலிடத்தில் ஓய்வு பெற்றவர் ஃபெர்னாண்டெஸ். அவருடைய கணக்கு 18,996. அன்று கொடுத்த பந்தும் அன்று எடுத்த புள்ளியும் இந்தக் கணக்குகளில் இல்லை. கண்காட்சி ஆட்டங்கள் அவற்றில் சேர்வதில்லை.

ஜாவோர்ஸ்கி ஏன் பந்தை அவரிடம் கொடுத்தார்? 'அந்த நொடியில் உள்ளம் உருகி, பகை மறந்து கொடுத்தார்' என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால் படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு ஆதாரம் எங்கே? ஆட்டத்தை அறிந்தவர்கள் சொல்லக்கூடிய காரணம் மிகச் சாதாரணமானது. அந்த இடத்தில், அந்தச் சில விநாடிகளில், பந்தைப் பெறத் தகுந்தவர் ஃபெர்னாண்டெஸ். பத்து ஆண்டுகள் அவருக்குப் பந்து கொடுத்துப் பழகிய கை அது. பகை மனத்தில் இருந்தது. கைக்கு அந்தப் பகை தெரியாது. சரியான ஆட்டத்தை ஆடியது அந்தக் கை. அதைச் செய்துமுடித்த பிறகு மனம் அதன் பின்னே போயிற்று.

கபடமா, பயிற்சியா?

இங்கேதான் நம் கேள்வி கூர்மை அடைகிறது. உள்ளத்தில் பகை இருக்கும்போது கையால் நட்பைச் செய்வது கபடம் அல்லவா? உள்ளொன்று வைத்துப் புறமொன்று செய்வதை நம் பெரியோர்கள் எல்லோரும் கண்டித்திருக்கிறார்களே?

கண்டித்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கண்டித்தது எதை என்று பார்க்க வேண்டும். கபடம் செய்பவன் புறத்தில் காட்டும் நன்மையை உள்ளே வரவிட மாட்டான். அவனுக்கு அது வேடம். காரியம் முடிந்ததும் கழற்றி வைப்பான். வேறொரு வகை மனிதர் இருக்கிறார். அவர் உள்ளே கசப்போடு இருக்கிறார். ஆனாலும் தம் கடமைக்கு எது சரியோ அதைக் கசப்பு தடுக்கவிடாமல் செய்கிறார். அந்தச் செயல் தம்மை எங்கே கொண்டுபோகும் என்பதையும் தடுக்காமல் விடுகிறார். வெளியிலிருந்து பார்க்க இருவரும் ஒன்றுபோலத் தோன்றுவார்கள். தேவை தீர்ந்த மறுநாள்தான் வேறுபாடு தெரியும்.

மருத்துவமனையில் இரு செவிலியர்கள். ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நள்ளிரவில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. ஒருவர் உயிர்க்காற்றுக் குழாயைப் பிடிக்க மற்றவர் மருந்தை ஏற்றுகிறார். அவர்களை யாரும் கபடம் செய்பவர்கள் என்று சொல்ல மாட்டோம். அந்தப் பத்து நிமிடங்களில் அவர்களுக்கு நடுவே பகைக்கு இடமில்லாமல் போயிற்று. பகையைவிடப் பெரிய ஒன்று அந்த இடத்தை அடைத்துக்கொண்டது. நோயாளி கண்விழித்த பிறகு, மறுநாள் காலையில் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே பாக்கி. அந்தப் பத்து நிமிடங்களை அவர்கள் மறுத்துவிடவும் கூடும்; 'அது வேலை, இது வேறு' என்று பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். அப்படித் திருப்பிக்கொண்டவர்கள் ஏராளம்.

மனத்தைத் தூய்மைப்படுத்திவிட்டுப் பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருப்பது உயர்ந்த எண்ணம் போலத் தோன்றும். நடைமுறையில் அது பலருக்கு ஒரு சாக்காகவே முடிகிறது. "என் மனம் இன்னும் ஆறவில்லை; பொய்யாகப் போய் எப்படிப் பேசுவது?" என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் நேர்மையானவர்கள், பலர் தங்கள் கோபத்துக்கு நேர்மை என்று பெயர் சூட்டுகிறார்கள். இவர்களைப் பார்க்க, தேவைக்காக வந்து பேசியவர் எவ்வளவோ மேல். அவர் ஒரு படி ஏறிவிட்டார். அந்தப் படி தாழ்ந்ததாயினும் அது படிதான்.

எனினும் தேவையை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடக் கூடாது. 1973இல் இருந்ததும் தேவைதான். 1989இல் இருந்ததும் தேவைதான். முதலாவதில் காயம் அப்படியே இருந்தது, இரண்டாவதில் ஆறியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? 1973இல் தேவைப்பட்டவர் ஒருவர், அடிபட்டவர் வேறொருவர். தேவைப்பட்ட சங்கம், அடிபட்டவர்கள் சார்பில் தானே மன்னித்துவிட்டது. 1989இல் பகைத்த இருவரே ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்றவருக்கு உள்ளே நிற்பவர் வேண்டும். உள்ளே நின்றவருக்குப் பந்து வேண்டும். ஒருவர் மேலே நின்று வழங்க, மற்றவர் கீழே நின்று பெறுவது அங்கே நடக்கவில்லை. யார் யாரிடம் இறங்கி வந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் வீடுகளில் சமாதானங்கள் முறிவது பெரும்பாலும் அந்த ஒரு பேச்சினால்தானே?

அதன்பிறகும் அவர்கள் எதிரெதிர் அணிகளிலேயே ஆடினார்கள். ஃபெர்னாண்டெஸின் சான் மிகுவேல் அவ்வாண்டின் மூன்று பட்டங்களையும் வென்றது. ஜாவோர்ஸ்கியின் அணி 1991இல் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கிய இறுதிச்சுற்றை மீட்டுப் பட்டம் பெற்றது. எதிரே இருந்தது, முந்தைய ஆண்டு எந்த அணிக்கெதிராகப் பாதியில் வெளியேறினார்களோ அதே அணி. இம்முறை கடைசி விநாடி வரை களத்திலேயே நின்றார்கள். ஃபெர்னாண்டெஸ் 19 பட்டங்களோடு 1994இல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். ஜாவோர்ஸ்கி 50 வயதைக் கடந்தும், 1997 வரை, களத்தில் இறங்கினார். 1998இல் செனட் சபை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2004 வரை பணியாற்றினார். அவர் அணிந்த 7ஆம் எண்ணை இனி யாரும் அணியலாகாது என்று 2012இல் ஹினெப்ரா அணி அறிவித்தது. பகை முடிந்ததென்பதற்குப் போட்டி முடிந்தது என்று பொருளில்லை. இருவரும் ஒருவரையொருவர் தோற்கடிக்க முழு மூச்சோடு முயன்றார்கள். தோற்கடிப்பதும் வெறுப்பதும் ஒன்றல்ல என்பது விளையாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அளவு நம் கட்சிக்காரர்களுக்கும் பங்காளிகளுக்கும் தெரிவதில்லை.

டலுபானைப் பற்றி ஒரு சொல். ஜாவோர்ஸ்கி கல்லூரி மாணவராக ஆடியபோது அவருக்குப் பயிற்சி அளித்தவர் இவரே. பின்னர் கிறிஸ்பா அணியின் பயிற்சியாளராக நின்று, ஜாவோர்ஸ்கியும் ஃபெர்னாண்டெஸும் சேர்ந்திருந்த டொயோட்டாவைப் பல முறை தோற்கடித்தவரும் இவரே. அந்த இருவரும் ஒன்றாக நின்றால் எத்தனை வலிமை என்பதை அவர்களின் சொந்த அணியினரைவிட நன்றாக அறிந்திருந்தவர் இந்தப் பழைய எதிரிதான். 1984இல் என்ன நடந்தது, 1988இல் யார் பக்கம் நியாயம் என்றெல்லாம் அவர் அன்று களத்தில் பஞ்சாயத்து நடத்தவில்லை. ஆட்டத்தின் வியர்வை காயும் முன்பே, இருவரின் பகையைக் கண்டு பழகிய அதே மக்களின் முன்னிலையில், கைகுலுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் அவரவர் உடை மாற்றிக்கொண்டு, அவரவர் ஆட்கள் சூழ, வேறு வேறு வாசல் வழியாக வெளியே போயிருப்பார்கள்.